சாரல் நாட்டில் ஒரு பழைய கேரவன் டிரெய்லர்: எங்கிருந்து தொடங்குவது?

புளியரைத் தோப்பு:

வணக்கம். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு மலையேறும் சாலையில், புளியரை வயல்களை ஒட்டி எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பின் மேற்கு ஓரத்தில், ஓட்டுச் சாய்ப்பின் கீழ், மாசி மாதத்திலிருந்து ஒரு பழைய கேரவன் டிரெய்லர், அதாவது ஜீப்பின் பின்னால் இழுத்துச்செல்லும் வீட்டு வண்டி, நிற்கிறது. மலைக்கு அந்தப்புறம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குப் பின்னால், பல ஆண்டுகள் கோழி அடையும் இடமாகக் கிடந்த வண்டி இது. தோட்டம் கைமாறியபோது நான் வாங்கிக்கொண்டேன். பதிவுத் தாள்கள் மங்கியிருந்தாலும் முழுமையாகக் கிடைத்தன. அவை இல்லையென்றால் விலை பேசியே இருக்க மாட்டேன்.

தயாரித்தவரின் தகடு எப்போதோ பிய்ந்துபோயிருக்கிறது. தாளில் ஆண்டு 1964 என்றும் பிரிட்டனில் செய்தது என்றும் இருக்கிறது. அச்சில் உள்ள போல்ட்டுகளுக்கு நம்முடைய மில்லிமீட்டர் ஸ்பானர் எதுவும் பொருந்தவில்லை. விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பானரைத் தென்காசியில் ஒரு லேத் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உடல் 13 அடி நீளம். பைன் மர ரீப்பர்களால் சட்டம் கட்டி, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே ஹார்டுபோர்டும் அடித்திருக்கிறார்கள். சுவரில், பெட்ரோமாக்ஸ் போல மேண்டில் (வலைத்திரி) போட்டு எரிக்கும் கேஸ் விளக்குகள் இரண்டு இருக்கின்றன.

போன வாரம் பின்பக்க இடது மூலையில் ஹார்டுபோர்டை மெதுவாகப் பிரித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் அந்த மூலையில் ஒரு குறையும் தெரியாது. உள்ளே இருந்த ரீப்பர், விரலால் அழுத்தியதும் ஊறவைத்த அவல் போல நசுங்கியது. தகட்டைப் பிடித்திருந்த திருகை ஸ்குரூடிரைவர் இல்லாமலே இரண்டு விரலால் உருவ முடிந்தது. அதன் பாதித் தண்டு துருவாகக் கரைந்து கூர்மையான ஊசியாகிவிட்டிருந்தது. திருகு இருந்த துளையைச் சுற்றி அலுமினியத் தகடு வெள்ளை மாவாகப் பூத்திருந்தது.

வீட்டில் முதலில் சமையல் மேடையும் படுக்கையும் அமைத்துவிடலாம் என்கிறார்கள். நான் தரையிலிருந்து தொடங்கலாம் என்று எண்ணியிருந்தேன். இந்த மூலையைப் பார்த்தபின் இரண்டும் சரியில்லை என்று தோன்றுகிறது. ஆனி பிறந்தால் இங்கே சாரல் தொடங்கிவிடும். அதற்குள் எதை முடிக்க வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வேலந்தாவளம் பாடிகட்டு:

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். கரூரில் 14 ஆண்டுகள் பேருந்து பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். அந்த மரச்சட்டத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். தகட்டைக் கழற்றிவிட்டு, சேசிஸ் மேல் ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயால் கூடு கட்டி, புதிய தகடு ரிவெட் அடித்துவிடுங்கள். மரம் இருக்கும்வரை கரையானும் ஈரமும் விடாது. ஒரு முறை செலவு செய்தால் உங்கள் பேரன் காலம் வரை நிற்கும்.

களியக்காவிளை ஃபைபர்:

மேலே எழுதிய சகோதரரின் கைத்திறன் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த வண்டிக்கு அந்த வழி ஒத்துவராது என்றே நினைக்கிறேன். தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஃபைபர் படகு கட்டும் வேலையில் 20 ஆண்டுகளாக இருக்கிறேன். அதற்கு முன் என் தகப்பனாரோடு மர வள்ளங்களைப் பழுது பார்த்திருக்கிறேன். இந்தப் பழைய கேரவன்களில் மரச்சட்டமும் அலுமினியத் தகடும் உள்சுவரும் மூன்றும் சேர்ந்துதான் பெட்டிக்கு விறைப்பைத் தருகின்றன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நோஞ்சான். ஒட்டியும் திருகியும் சேர்த்தபின்தான் அவை பலம் பெறுகின்றன. அந்தக் கணக்கில்தான் அச்சும் கமான் பட்டையும் பிரேக்கும் அளவிடப்பட்டிருக்கின்றன. இரும்புக் கூடு போட்டால் எடை கூடும், அச்சை மாற்ற வேண்டும், பிறகு பிரேக்கை மாற்ற வேண்டும். போதாக்குறைக்கு இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் தன்னைத்தானே தின்று தீர்க்கும். அண்ணன் பார்த்த வெள்ளை மாவு அதுதான்: இரும்புத் திருகு, ஈரமான மரம், அலுமினியத் தகடு மூன்றும் சேர்ந்து ஒரு சிறிய பேட்டரி போல வேலை செய்திருக்கின்றன.

மரத்தைக் குறை சொல்ல வேண்டாம். நம் பகுதி அயினி மரத்தில்தான் மலையாளத்து ஆட்கள் சுண்டன் வள்ளம் என்னும் பந்தயப் படகைக் கட்டுகிறார்கள், ஆஞ்சிலி என்பார்கள். அது தண்ணீரில் ஓடியும் தலைமுறை தாண்டுகிறது. இங்கே மரத்தைக் கெடுத்தது, உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நின்ற தண்ணீர். எனவே தண்ணீர் எங்கே புகுகிறது என்று கண்டுபிடிக்காமல் உள்ளே ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள். தண்ணீர் புகுந்த இடத்துக்கும் மரம் மக்கிய இடத்துக்கும் நான்கு அடி தொலைவு இருக்கலாம். கூரையில் நுழைந்தது ரீப்பர் வழியே ஓடித் தரை மூலையில் வந்து தேங்கும்.

அழுகிய துண்டை வெட்டும்போது, நல்ல மரம் தெரிந்தபின்னும் ஒரு சாண் சேர்த்து வெட்டுங்கள். புதிய துண்டைச் சாய்வாகச் சீவி இணைக்க வேண்டும். மரத்தின் தடிமன் 1 என்றால் சாய்வின் நீளம் 8. ஒட்டுவதற்கு, இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவைக்கும் எபாக்சிப் பசை மட்டுமே. படகுக்குப் போடும் பாலியஸ்டர் ரெசின் மரத்தோடு உறுதியாகப் பிடிப்பதில்லை. முதலில் பிடித்ததுபோல் இருந்து, ஈரம் கண்டதும் தோலாக உரிந்துவிடும். மக்கிய மரத்தின் மேல் எபாக்சியை ஊற்றிக் கெட்டியாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். உளுத்த பல்லின் மேல் பூச்சு பூசுவதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

வேலந்தாவளம் பாடிகட்டு:

எடையும் பிரேக்கும் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். பேருந்தில் எஞ்சின் இருக்கிறது, சேசிஸ் இருக்கிறது, ஒரு டன் கூடினாலும் தெரியாது; இழுவை வண்டியில் ஒவ்வொரு கிலோவும் கணக்கு என்பதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க எங்கள் பட்டறையில் செய்யும் ஒரு முறையைச் சொல்கிறேன். வெளியே தண்ணீரைப் பீய்ச்சி உள்ளே பார்ப்பதைவிட, உள்ளே காற்றை ஊதி வெளியே பார்ப்பது மேல். சன்னல் ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பிளைவுட் பலகையைப் பொருத்தி, அதில் ஓட்டை போட்டுத் தூசி ஊதும் பிளோயரின் வாயைச் செருகுங்கள். மற்ற துவாரங்களையும் கதவிடுக்கையும் டேப்பால் அடைத்துவிட்டு, பிளோயரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, வெளியே எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், ஒழுகும் இடமெல்லாம் நுரை கட்டும். வேகத்தைக் கூட்ட வேண்டாம். பழைய தகடு பிதுங்கிவிடும்.

புளியரைத் தோப்பு:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே நேற்று மாலை, காற்று அடங்கியபின் செய்து பார்த்தோம். என் மகள் சோப்புத் தண்ணீர்த் தெளிப்பானோடு ஏணியில் நின்றாள். கூரையின் காற்றுப்போக்கி மூடியைச் சுற்றி நுரை கட்டும் என்று எதிர்பார்த்திருந்தோம். அங்கே ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் பந்தல் படுதாவைக் கோப்பதற்காக ஓரம் முழுவதும் ஓடும் அலுமினியப் பள்ளம் ஒன்று உண்டு. அதில் அரை அடிக்கு ஒரு திருகு. அந்தத் திருகுகளில் மொத்தம் 17 தலைகளைச் சுற்றி, ஒன்றன்பின் ஒன்றாக, கடுகளவு குமிழிகள் பொங்கின. மகள் ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டமிட்டாள். 60 ஆண்டுகளாக ஒவ்வொரு மழையிலும் அந்த 17 துளைகளும் துளித் துளியாகக் குடித்திருக்கின்றன என்று நினைத்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

முன்பிருந்தவர் யாரோ பள்ளத்தின் மேல் சிலிக்கானைத் தாராளமாகப் பூசியிருக்கிறார். அது தண்ணீரை நிறுத்தவில்லை. புகுந்த தண்ணீர் வெளியேறவும் விடவில்லை. அதைச் சுரண்டி எடுப்பதற்கே மூன்று நாள் ஆகும் போலிருக்கிறது. அதன் மேல் மறுபடி சிலிக்கான் பூசலாமா?

களியக்காவிளை ஃபைபர்:

கூடாது அண்ணா. பழைய சிலிக்கான் மேல் புதிய சிலிக்கானே ஒட்டாது, பெயின்ட்டும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் முழுவதும் எடுத்துவிட்டு, ஸ்பிரிட் நனைத்த துணியால் துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். அலுமினியப் பள்ளத்தை முழு நீளத்துக்கும் கழற்றி எடுத்து, அதன் அடியில் பியூட்டைல் டேப் வைத்து, 304 தரத் துருப்பிடிக்காத திருகுகளால் மறுபடி பொருத்துங்கள். பியூட்டைல் என்பது காயாத பசை. மாவு போலவே காலமெல்லாம் இருக்கும். வண்டி ஓடும்போது தகடு அசைந்தாலும் கூடவே அசையும், பின்னால் கழற்ற வேண்டுமென்றாலும் உரித்துவிடலாம். என்னைப் போலக் கடல் உப்புக் காற்றில் இருப்பவர்களுக்கு 316 தரம் வேண்டும். புளியரைக்கு 304 போதும்.

திருகின் பழைய துளைகளில் அப்படியே ஏற்ற வேண்டாம். மரக்குச்சியை எபாக்சியில் தோய்த்து அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள்.

நகரி நெசவுக்காரர்:

எங்கள் பக்கத்துக் கேள்வி ஒன்றைக் கேட்கிறேன், மன்னிக்கவும். ஆந்திர எல்லையில் நகரியில் இருக்கிறேன். சாலை ஒப்பந்தக்காரர் ஒருவர் விட்டுச்சென்ற பழைய சைட் டிரெய்லர் ஒன்றை நானும் சீர்செய்துகொண்டிருக்கிறேன். எங்களுக்கு மழையைவிட வெயில்தான் எமன். அக்னி நட்சத்திரத்தில் உள்ளே பத்து நிமிடம் உட்கார முடியாது. அலுமினியத் தகட்டைப் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் வெயிலைத் திருப்பிவிடும் என்று ஒரு பெயின்ட் கடைக்காரர் சொல்கிறார். சரியா?

வேலந்தாவளம் பாடிகட்டு:

பாலிஷ் அலுமினியம் வெயிலில் ஒரு பங்கைத் திருப்பிவிடும் என்பது உண்மை. ஆனால் உள்வாங்கிய சூட்டை வெளியே விடும் குணம் அதற்கு மிகக் குறைவு. வெயிலில் நிற்கும் பளபளப்பான பாத்திரத்தையும் வெள்ளைப் பெயின்ட் அடித்த தகட்டையும் கையால் தொட்டுப் பார்த்தால் தெரியும். கூரைக்கு வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். அதற்கும் மேல், ஒரு கையகல இடைவெளி விட்டு, சோலார் பலகையையோ ஓலைத் தட்டியையோ நிழலாக அமைத்தால் இன்னும் நல்லது. உள்ளே, சூட்டைத் தடுக்க, 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் (அடர்த்தியான பாலிஸ்டைரின்) நுரைப்பலகை வையுங்கள். கண்ணாடிப் பஞ்சு வேண்டாம். ஈரம் குடித்தால் கீழே சரிந்து, மேல் பாதி வெறும் தகடாக நிற்கும்.

கோபாலபுரம் மின்பணி:

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே இருக்கிறேன். தோட்ட வீடுகளுக்கும் சில ஆண்டுகளாகச் சுற்றுலா வண்டிகளுக்கும் மின்பணி செய்கிறேன். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்த பிறகு இப்படிப்பட்ட வேலைகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. சுவர் திறந்து கிடக்கும்போதே ஒயர் இழுக்க வேண்டும் என்பதால், ஐயா கேட்பதற்கு முன்பே எழுதுகிறேன்.

முதலில் ஒயரின் கனம். வீட்டில் 230 வோல்ட்டுக்குப் பழகிய கண், 12 வோல்ட்டில் ஏமாறும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0175 ஓம் தடை. பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் 6 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 12 மீட்டர். கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டால் வழியிலேயே 0.7 வோல்ட் தொலைந்துவிடும். 230இல் அது ஒன்றுமே இல்லை. 12இல் அது ஆறு விழுக்காடு. பேட்டரியில் பாதிக்குமேல் மின்சாரம் இருக்கும்போதே, அழுத்தம் தாழ்ந்துவிட்டது என்று எண்ணி ஃபிரிட்ஜ் நின்றுவிடும். மக்கள் ஃபிரிட்ஜைக் குறை சொல்லிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். 4 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.26 வோல்ட்தான். ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம், பல இழை ஒயர் வேண்டும். வண்டியின் குலுக்கலில் ஒற்றைக் கம்பி முறிந்துபோகும். முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் லக் (உலோக முனைக்கவ்வி) போட்டுக் கருவியால் நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் முடியும் விளிம்பில்தான் ஒயர் ஒடியும்.

நெகட்டிவுக்குச் சேசிஸை நம்பாதீர்கள். 60 ஆண்டு பழைய துருவின் வழியே மின்சாரம் திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் தனி நெகட்டிவ் ஒயர் இழுத்து ஒரே செப்புப் பட்டையில் சேருங்கள்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் முதன்மை பியூஸ் இருக்க வேண்டும். பியூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. பியூஸுக்கு முன்னால் உள்ள ஒயரைக் காப்பாற்ற யாரும் இல்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு வண்டியைப் பார்த்தேன். பியூஸை அழகாகக் கண்ணில் படும்படி கதவருகே வைத்திருந்தார்கள், பேட்டரியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி. இடையில் கட்டிலின் இரும்புக் கால் ஒயரை அறுத்து, மெத்தையின் ஒரு முனை கருகியிருந்தது. ஆள் உள்ளே இல்லாததால் தப்பித்தார்கள். வீட்டுக்குப் போடும் ஏசி பிரேக்கரையும் 12 வோல்ட் பக்கம் போடக் கூடாது. ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி தானே அணையும்; டிசி மின்னோட்டத்துக்கு அந்த ஓய்வு கிடையாது, பொறி நீண்டு எரியும்.

பேட்டரிக்கு லித்தியம் இரும்பு பாஸ்பேட் 100 ஆம்பியர்மணி என்பது என் பரிந்துரை. 12.8 வோல்ட் கணக்கில் 1,280 வாட்மணி. ஈய பேட்டரியில் பாதிக்குமேல் உறிஞ்சினால் ஆயுள் குறையும் என்பதால் அதே பயனுக்கு இரு மடங்கு ஆம்பியர்மணி வாங்கி, பல மடங்கு எடை சுமக்க வேண்டும். விளக்கு, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, கைப்பேசி, சிறிய ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து உங்களுக்கு நாளொன்றுக்கு 650 வாட்மணி அளவில் ஆகும். 200 வாட் சோலார் பலகை நல்ல வெயிலில் அதை ஈடுகட்டும். சாரல் நாளில் ஈடுகட்டாது. எனவே ஜீப்பிலிருந்து சார்ஜ் ஏற்றும் டிசி சார்ஜரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து 230 வோல்ட் இணைப்பு எடுப்பீர்களானால், மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் அன்று ஒரு விளக்குகூடப் போட வேண்டாம். அலுமினியத் தகடு, சேசிஸ், சமையல் மேடையின் உலோகம் எல்லாவற்றையும் எர்த் ஒயரோடு சேருங்கள். ஒரு ஒயர் உரிந்து தகட்டைத் தொட்டால், ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைத் திறக்கிற குழந்தைக்குத்தான் அது முதலில் தெரியும்.

புளியரைத் தோப்பு:

தம்பி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. அப்படியே அச்செடுத்துச் சாய்ப்பின் தூணில் ஒட்டியிருக்கிறேன். ஒரு சந்தேகம்: கேஸையே விட்டுவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொண்டால் என்ன?

கோபாலபுரம் மின்பணி:

1,800 வாட் அடுப்பு 12.8 வோல்ட் பேட்டரியிலிருந்து 140 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்; இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 155ஐத் தாண்டும். 100 ஆம்பியர்மணி பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று பெரும்பாலும் அதை அனுமதிக்காது. ஊரில் நிறுத்தி வெளி மின்சாரத்தில் சமைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்றபடி சமையலுக்குக் கேஸ்தான்.

குமுளி ஏலம்:

அண்ணன்களுக்கு வணக்கம். குமுளிக்கு இந்தப்பக்கம் எங்கள் ஏலத்தோட்டத்தில் விருந்தினர் தங்குவதற்கு ஒரு பழைய கேரவனை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். கேஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் ஒரு முறை பயந்து நடுங்கியிருக்கிறேன்.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்ச் சன்னல் வழியே வெளியேறாது. தண்ணீர் போலத் தரையில் தேங்கும். எங்கள் வண்டியை வாங்கியபோது சிலிண்டர் கட்டிலின் அடியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. பெட்டிக்கு ஓட்டை எதுவும் இல்லை, நான் அதைப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்து உள்ளே காலை வைத்ததும் கணுக்கால் மட்டத்தில் குளிர்ச்சி போல ஒன்று தட்டியது, குனிந்தபோதுதான் வாசனை வந்தது. விளக்கைப் போடாமல் வெளியேறிவிட்டேன். அதன் பிறகு சிலிண்டரை முன்பக்கம் இழுவைக் கம்பத்தின் மேல், வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனிப் பெட்டிக்கு மாற்றினோம். அந்தப் பெட்டியின் அடித்தரையில் உள்ளங்கை அகலத்துக்குத் திறப்பு. உள்ளறைக்கும் அதற்கும் நடுவே ஊசி நுழையவும் வழியில்லை. 5 கிலோ சிலிண்டர் போதும். நம் ஊர் ரெகுலேட்டர் 30 மில்லிபார் அழுத்தத்துக்கு ஆனது, எனவே அடுப்பும் நம் ஊர் அடுப்பாகவே இருக்கட்டும். பழைய அடுப்பைப் பொருத்த முயல வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஆரஞ்சு நிற ரப்பர் குழாயைச் சிலிண்டர் முனையில் மட்டும் குறுகிய நீளத்துக்குப் போட்டு, மீதி தூரத்துக்குச் செப்புக் குழாய் இழுங்கள். ரப்பர் குழாய்க்கு ஐந்து ஆண்டுதான் கணக்கு.

சுவரில் உள்ள கேஸ் விளக்குகளைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். அடைத்த அறையில் எரியும் மேண்டில் விளக்கின் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

உங்கள் வண்டியில் பழைய கேஸ் ஃபிரிட்ஜ் இருக்கிறதா? அது அம்மோனியாவும் தண்ணீரும் கொண்டு, அசையும் பாகம் எதுவும் இல்லாமல், நெருப்பின் சூட்டில் குளிர்விக்கும் முறை. ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் 1922இல் உருவாக்கியது. அதன் பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தால் கையால் தொடாதீர்கள். துருப்பிடிக்காமல் இருப்பதற்காக உள்ளே சேர்த்த குரோமேட் உப்பு அது, நச்சு. அதேபோல், அடுப்பின் பின்னால் சாம்பல் நிறத்தில் கனமான அட்டை இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அதைத்தான் வைப்பார்கள். உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டு, முழுத் தகடாகக் கழற்றிப் பாலித்தீனில் சுற்றிவிடுங்கள்.

புளியரைத் தோப்பு:

தங்கச்சி, இரண்டும் இருந்தன. மஞ்சள் பொடியும் இருந்தது, சாம்பல் அட்டையும் இருந்தது. நீங்கள் எழுதியிராவிட்டால் அட்டையைச் சுத்தியலால் தட்டியிருப்பேன்.

தண்ணீருக்கு நான் செய்த ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 50 லிட்டர் உணவுத் தரக் கேனை அச்சுக்கு நேர் மேலே, இருக்கையின் அடியில் பட்டையால் கட்டியிருக்கிறேன். 12 வோல்ட் பம்புக்கு முன்னால் வலை வடிகட்டி. பம்புக்குத் தனி சுவிட்ச், வண்டியைவிட்டு வெளியே போனால் அணைத்துவிடுவது வழக்கமாக வேண்டும். கழிவுநீர் இன்னொரு கேனில் சேர்ந்து தென்னைக்குப் போகிறது. கீழே வயல் வாய்க்கால் இருப்பதால் வண்டி நிற்கும் இடத்திலேயே மண்ணில் விட மனம் வரவில்லை.

இப்போது உள்சுவருக்குப் பிளைவுட் வாங்க வேண்டும். கடைக்காரர் 12 மில்லிமீட்டர் தருகிறேன் என்கிறார்.

வேலந்தாவளம் பாடிகட்டு:

12 வேண்டாம் அண்ணா. 8க்கு 4 அடித் தாள் 12 மில்லிமீட்டரில் ஏறக்குறைய 23 கிலோ, 4 மில்லிமீட்டரில் 8 கிலோவுக்குள். சுவருக்கும் கூரைக்கும் 4 போதும், தரைக்கு மட்டும் 12 போடுங்கள். தாளில் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்க வேண்டும், அதுதான் கொதிநீரும் தாங்கும் மெரைன் தரம். வெட்டிய விளிம்புகளில் எபாக்சி பூசாமல் பொருத்தினால் முத்திரையால் பயனில்லை. பிளைவுட் விளிம்பு வழியாகத்தான் தண்ணீர் குடிக்கும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், இழுவைக் கம்பத்தின் முனையை வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தித் தாங்கிப் பாருங்கள். மொத்தம் 800 கிலோ என்றால் முனையில் 40 முதல் 56 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் மலைப்பாதை இறக்கத்தில் பின்பக்கம் வாலாட்டும். இன்னொன்று: 1964 பிரிட்டிஷ் வண்டியின் இணைப்புக் கிண்ணம், இழுக்கும் வண்டியின் பின்னால் இருக்கும் 2 அங்குலக் குண்டின் மேல் மாட்டுவதற்கு ஆனது. இப்போது விற்பது 50 மில்லிமீட்டர் குண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, அளவில் 0.8 மில்லிமீட்டர் தளர்வு. புளியரை எஸ் வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்; கிண்ணத்தை மாற்றிவிடுங்கள்.

புளியரைத் தோப்பு:

ஆடி பிறந்துவிட்டது. நடந்ததை எழுதுகிறேன்.

அழுகியிருந்த ஏழு ரீப்பர்களை அயினியில் மாற்றினேன். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க, புதிய மரத்துக்கும் பழைய மரத்துக்கும் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை இரண்டு கை பூசிக் காயவிட்டேன். படுதாப் பள்ளத்தையும் சன்னல்களையும் பியூட்டைல் வைத்து மறுபடி பொருத்தினேன். ஒயர் அனைத்தும் இழுத்தாயிற்று. உள்சுவரை மட்டும் மூடவில்லை. வீட்டில் கொஞ்சம் வருத்தம்தான். மூடாத சுவருக்கு நடுவே எப்படி மேடை அமைப்பது என்கிறார்கள். நியாயமான வருத்தம். ஆனால் இந்தச் சாரலை அந்தச் சட்டம் தாங்குகிறதா என்று கண்ணால் பார்க்காமல் மூட எனக்கு மனமில்லை.

வண்டியைச் சாய்ப்பிலிருந்து வெளியே இழுத்து, கணவாய்க் காற்றுக்கு நேராக நிறுத்தினேன். பதினோரு நாள் சாரல் அடித்தது. தினமும் காலையில் ஈரப்பதம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் 22 இடங்களில் குத்தி நோட்டில் எழுதினேன். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது என்பது கணக்கு. 21 இடங்களில் 14 முதல் 17 வரை இருந்தது. மேற்குச் சன்னலின் கீழ் இடது மூலையில் மட்டும் ஆறாம் நாள் 19, எட்டாம் நாள் 24, பதினோராம் நாள் 28.

நேற்று அந்தச் சன்னலைக் கழற்றினேன். தவறு என்னுடையதுதான். திருகுகளை உறுதியாக இருக்கட்டும் என்று முழுப் பலத்தோடு முறுக்கியிருக்கிறேன். அந்த மூலையில் பியூட்டைல் முழுவதும் வெளியே பிதுங்கி, சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே காகிதம் அளவுக்கும் பசை மிஞ்சவில்லை. சுவரை மூடியிருந்தால் இது அடுத்த பத்து ஆண்டுகளுக்கு எனக்குத் தெரிந்திராது. மரம் இன்னும் கெடவில்லை, காய்ந்துகொண்டிருக்கிறது.

களியக்காவிளை ஃபைபர்:

பசை விளிம்பில் மெலிதாக எட்டிப் பார்த்ததும் முறுக்குவதை நிறுத்த வேண்டும் அண்ணா. மறுநாள் அரைச் சுற்று, அதற்கடுத்த நாள் இன்னொரு அரைச் சுற்று. ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. மரம் 16க்கு இறங்கியபின் சன்னலைப் பொருத்துங்கள்.

கோபாலபுரம் மின்பணி:

பாலக்காட்டுக் கணவாயில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இப்போது அடிப்பது மேற்கிலிருந்து வரும் சாரல். கிழக்குப் பக்கச் சன்னல்களுக்கும் கதவுக்கும் சோதனை ஐப்பசியில்தான் வரும். அதுவரை காத்திருக்க முடியுமா ஐயா?

புளியரைத் தோப்பு:

காத்திருக்கத்தான் வேண்டும் போலிருக்கிறது, தம்பி. இன்னும் மூன்று மாதம் திறந்த சுவரோடு கிடக்கும்.

குமுளி ஏலம்:

அண்ணா, வண்டிக்குச் சக்கரம் இருக்கிறதே. ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது. கிழக்குப் பக்கம் மேற்கைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள்.

புளியரைத் தோப்பு:

தங்கச்சி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். சன்னல் இருந்த இடத்தைத் தார்ப்பாயால் இறுகக் கட்டிவிட்டு, இன்று மதியம் நாங்கள் நால்வரும் பக்கத்து வயல்காரரின் டிராக்டருமாகச் சேர்ந்து வண்டியைத் திருப்பிவிட்டோம். இப்போது கதவு கணவாயைப் பார்த்து நிற்கிறது. மாலையிலிருந்து தூறுகிறது. நாளைக் காலை முதல் அளவை எழுதுகிறேன்.